பெயர் கடைசியில்

போன்ச்சோ என்ற கவிஞரிடம் ஒரு கவிதை முக்கால்வாசி தயாராக இருந்தது. பனி குவிந்து கிடக்கிறது, அதன்மேல் இரவு மழை பெய்கிறது. பதினேழு அசையில் பன்னிரண்டு வந்துவிட்டது. முதல் ஐந்து மட்டும் அமையவில்லை. பாஷோ உட்பட அங்கே இருந்த எல்லாரும் ஆளுக்கொன்று வைத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் பாஷோ ஓர் இடத்தின் பெயரை வைக்கிறார்: ஷிமோக்யோ. கியோத்தோ நகரின் தென்பகுதி, வியாபாரிகளும் சாதாரண சனங்களும் நெருங்கி வாழ்ந்த இடம். போன்ச்சோ 'ஆ' என்கிறார், ஆனால் மனம் ஒப்பவில்லை. பாஷோ விடவில்லை. இதைவிட நல்ல ஒன்றை யாராவது வைத்துக் காட்டினால் இனிமேல் நான் கவிதை பற்றி வாயே திறக்கமாட்டேன் என்கிறார்.

இதை எழுதி வைத்தவர் பாஷோவின் இன்னொரு சீடர் கியோராய். அவரும் போன்ச்சோவும் சேர்ந்து தொகுத்த 'சாருமினோ' 1691இல் வந்தது. அந்தக் கவிதை அதில் இருக்கிறது, போன்ச்சோவின் பெயரில். முதல் ஐந்து அசை குருநாதர் போட்டது என்பதற்காக யாரும் அதைப் போன்ச்சோவிடமிருந்து பிடுங்கவில்லை. நம்ம ஊரில் இது நடந்திருந்தால் ஒரு வாரம் ஃபேஸ்புக்கில் பஞ்சாயத்து ஓடியிருக்கும்.

பாஷோ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தனிமைதான். வாழைமரத்தடிக் குடில், கைத்தடி, நீண்ட நடைப்பயணம். அதெல்லாம் உண்மை. ஆனால் அவருடைய கவிதை வளர்ந்தது கூட்டத்தில். அவர் காலத்தில் 'ஹைக்கூ' என்று தனியாக ஒன்று கிடையாது. பலர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடுத்துக்கொண்டே போகும் தொடர்கவிதையின் முதல் கண்ணி அது. 1686இல் ஃபுகாகவாவில் இருந்த அவருடைய குடிலில் தவளையை மட்டுமே வைத்து இருபது சுற்றுப் போட்டி நடந்திருக்கிறது. உலகத்துக்கே தெரிந்த அந்தத் தவளைக் கவிதை அதில் முதல் சுற்றில் வந்தது. அதற்கும் முதல் ஐந்து அசை பிறகுதான் அமைந்ததாம். கிக்காக்கு என்ற சீடர் ஒரு மஞ்சள் பூவின் பெயரைச் சொன்னார், பாஷோ அதைத் தள்ளிவிட்டுப் பழைய குளத்தை வைத்தார் என்று ஷிகோ என்ற சீடர் எழுதியிருக்கிறார். நான்கு பேர் வாய்க்குள் போய்வந்த வரிகள் இவை.

தமிழுக்கு ஹைக்கூ வந்த வழி வேறு. 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். அவர் கைக்கு அது வந்தது நோகுச்சி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை வழியாக. பிறகு பெரிய இடைவெளி. எழுபதுகளில் அப்துல் ரகுமான் கை வைத்தார். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அதே ஆண்டில் அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'. அப்புறம் சுஜாதா வந்து இலக்கணம் சொன்னார். எல்லாமே புத்தகம், பத்திரிகை, மொழிபெயர்ப்பு. மூன்று வரி வந்து சேர்ந்தது. அந்த மூன்று வரியைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்கள் வரவில்லை. அவர்கள் இடத்தில் நாம் வைத்தது கவியரங்க மேடையை. அங்கே வரியை ஒருமுறை சொல்லி, நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, மறுமுறை சொல்ல வேண்டும். கைத்தட்டு வாங்க ஒரு திருப்பம் வேண்டும். தமிழ் ஹைக்கூவின் மூன்றாவது வரி இந்த மேடையில் வளர்ந்தது என்பது என் எண்ணம். கோயில் உண்டியலையும் பிச்சைத் தட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு ஹைக்கூ. சாய்ந்த மரத்தையும் மரம் நடு விழாவையும் வைத்தால் இன்னொன்று. எடுத்து வைத்த ஐந்தாவது நிமிஷத்தில் பழசாகிவிடும்.

பெயர் இன்னொரு பிரச்சினை. மேடையில் முதலில் வருவது பெயர். அடைமொழிகளோடு வரும். கவிதை அதற்குப் பின்னால் வருகிறது. நம்முடையது சின்ன உலகம். கோலாலம்பூரிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, யார் யாருக்கு மாணவர், யார் யாருடைய புத்தகத்தை வெளியிட்டார், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் பந்தியில் நின்றார் என்று எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இந்த நிலைமையில் ஒருவரின் கவிதையைப் பற்றி உண்மை சொல்ல இரண்டு வழிதான் இருக்கிறது: உறவை முறித்துக்கொள்வது, அல்லது அவர் இல்லாத இடத்தில் சொல்வது. இரண்டிலும் கவிதை திருந்தப் போவதில்லை.

இதற்கு ஜப்பானியர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு குக்காய். மாசவோகா ஷிகி (1867–1902) அதைத் தன் நண்பர்களின் கூட்டத்தில் வழக்கமாக்கினார். அவருக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் ஆசான் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஷிகியின் கூட்டத்தில் எல்லாரும் எழுதினார்கள், எல்லாரும் தேர்ந்தெடுத்தார்கள். 1895இல் உடம்பு முடியாமல் சொந்த ஊரான மட்சுயாமாவுக்குத் திரும்பியவர், அங்கே பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த நண்பர் நட்சுமே சொசெகியின் வாடகை வீட்டில் ஐம்பது நாள் போலத் தங்கினார். கீழ்த்தளத்தில் இவர் உள்ளூர் ஆட்களைக் கூட்டிக் கவிதை எழுத, மேல்மாடியில் சொசெகியால் புத்தகம் படிக்க முடியவில்லை. கடைசியில் அவரும் கீழே இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். நாவலாசிரியராக நமக்குத் தெரிந்த சொசெகி அதற்குப் பிறகு கட்டுக்கட்டாக ஹைக்கூ எழுதி ஷிகிக்குத் திருத்த அனுப்பினார். ஷிகிக்கு முதுகெலும்பில் காசநோய். தோக்கியோவில் கடைசி வருஷங்கள் படுக்கையிலேயே போயின. கூட்டங்கள் அந்தப் படுக்கையைச் சுற்றி நடந்தன.

குக்காய் நடக்கும் விதம் எளிமையானது. ஒரே அளவுத் துண்டுத் தாள்களில் ஆளுக்கு இத்தனை என்று எழுதி, பெயர் போடாமல் வைக்க வேண்டும். தாள்களைக் கலக்கி ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு, வேறு தாளில் நகல் எடுப்பார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது, அதனால்தான். நகல் தாள்கள் கைமாறிச் சுற்றிவரும். ஒவ்வொருவரும் பிடித்தவற்றைக் குறித்துக்கொள்வார்கள், தன்னுடையதை எடுக்கக் கூடாது. பிறகு ஒருவர் தேர்வுகளை உரக்கப் படிப்பார். தன் கவிதை வாசிக்கப்படும்போது எழுதியவர் வாய் திறந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வருவது அப்போதுதான். யாரும் எடுக்காத கவிதைக்குப் பெயரே வராது. அது அப்படியே செத்துப்போகலாம், எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

கிள்ளானில் ஒரு வீட்டு முன்வாசலில் இதே முறையில் கூடுகிற ஒரு சின்னக் குழுவோடு ஒரு வருஷமாக உட்கார்ந்து வருகிறேன். ஆறு பேர். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், எல்லாருக்கும் அக்கா. லோரி ஓட்டும் அண்ணன். பல்கலைக்கழகத் தம்பி. ஒரு கணவன் மனைவி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா, மேடைகளில் நல்ல பெயர் உள்ளவர். குழுவுக்குப் பெயர் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் இல்லை. இந்த நாட்டில் அது சாதாரண விஷயம் கிடையாது. மாதக் கடைசி ஞாயிறு ஆளுக்கு மூன்று கவிதை எழுதி மிலோ டின்னில் போடுகிறார்கள். நான் எழுதுவதில்லை, தேர்ந்தெடுக்க மட்டும் செய்கிறேன். மாதாந்திரக் கூட்டம் என்பதற்கு ஜப்பானிய மொழியில் 'ட்சுகினாமி' என்று ஒரு சொல் உண்டு. பழைய ஆசான்மார்களின் மாதக் கூட்டங்களில் வரும் தேய்ந்த கவிதைகளை ஷிகி அந்தச் சொல்லால்தான் கிண்டல் செய்தார். இன்றைக்கும் அதற்கு 'சலித்துப்போனது' என்று அர்த்தம். இதை அவர்களிடம் சொன்னேன். "அப்ப நாம வாரா வாரம் கூடலாமா?" என்றார் அண்ணன்.

முதல் கூட்டத்தில் பதினெட்டுக் கவிதையில் பத்துக்கும் மேல் மேடைக் கவிதைகள். அதில் ஐயாவின் இரண்டுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. பெயர் தெரிந்திருந்தால் மூன்றாவது விழுந்திருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற ஐந்து பேரில் இருவர் அவரிடம் முன்னுரை வாங்கியவர்கள். அவருடைய மூன்றாவது கவிதைக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அடுத்த இரண்டு மாதம் அவர் வரவில்லை. எல்லாரும் அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். நான்காவது மாதம் வந்தார். டின்னிலிருந்து இது வெளியே வந்தது:

வங்கி வாசல்
செருப்பைக் கழற்றுகிறார்
முதல்முறை வந்தவர்

ஐந்து ஓட்டு. பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாற்பது வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனுஷன் அந்த வாசலைப் பற்றி அதுவரை ஒரு வரி எழுதியதில்லை. உண்டியலைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஓட்டோடு விட்டுவிடாமல் மேலே பேசினார்கள். இந்தக் குழுவில் எனக்குப் பிடித்ததே அதுதான். மூன்றாவது வரி அவிழ்த்துச் சொல்லிவிடுகிறது என்றாள் மனைவி. 'முதல்முறை வந்தவர்' என்று சொன்ன உடனே நாம் அவரைப் பார்த்து இரக்கப்பட ஆரம்பித்துவிடுகிறோம். 'தோட்டத்துப் பாட்டி' என்று மாற்றலாமா என்று கேட்டார் ஐயா. அது இன்னும் மோசம், படத்துக்குக் கீழே தலைப்பு ஒட்டிய மாதிரி. "ஆளையே எடுத்துட்டா என்ன ஐயா?" என்றான் தம்பி. அரைமணி நேரத்தில் இப்படி வந்து நின்றது:

வங்கி வாசல்
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
ஒரு ஜோடி செருப்பு

முதல் வடிவத்தில் நாம் வங்கிக்குள் நின்று அவரைப் பார்க்கிறோம். இதில் வெளியே நிற்கிறோம், ஆள் உள்ளே போய்விட்டார், அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. கதவு கண்ணாடியாக இருந்தும் தெரியவில்லை. கோயில் என்ற சொல்லை எங்கேயும் சொல்லாமல் கோயில் வந்துவிட்டது. தம்பி போட்ட யோசனை, ஐயாவின் கவிதை. போன்ச்சோவுக்கு நடந்ததுதான்.

எல்லாத் திருத்தமும் இப்படிச் சுகமாக முடியவில்லை. தம்பியின் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கொண்டுவந்தது:

ரப்பர் விதை வெடிக்கும் சத்தம்
யாருமில்லாத லயம்
அநாதையாய் என் பால்யம்

மூன்றாவது வரியை எல்லாரும் ஒரே மூச்சில் வெட்டினார்கள். அது கவிதையே சொல்லிவிட்ட விஷயம். மிச்சம் இருந்ததை அவன் வீட்டில் வைத்துச் செதுக்கி அடுத்த மாதம் கொண்டுவந்தான்:

காலி லயம்
தகரக் கூரையில்
ரப்பர் விதை

'சத்தம்' என்ற சொல் போய்விட்டது, ஆனால் தகரத்தில் விதை விழுவதைக் கேட்காமல் இதைப் படிக்க முடியாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் காய் வெடித்து விதை தெறிக்கும் அந்த 'டக்' தெரியும். இங்கே சண்டை தொடங்கியது. ஒரு விதையா, பல விதைகளா? அக்கா 'விதைகள்' என்று போடச் சொன்னார். கூரைமேல் விதை குவிந்து கிடந்தால் வருஷக்கணக்காகக் கூட்டித் தள்ள ஆள் இல்லை என்று அர்த்தம், லயம் காலியாகி எவ்வளவு காலம் ஆகிறது என்பது அதில் இருக்கிறது என்றார். அண்ணனுக்கு ஒன்றுதான் வேண்டும். ஒன்று விழுந்தால்தான் சத்தம். குவியல் என்றால் அது படம், அசையாது. இரண்டு பக்கமும் நியாயம்.

இதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. அஃறிணைக்குக் 'கள்' விகுதி கட்டாயம் இல்லை. 'மாடு வந்தது', 'மாடு வந்தன', இரண்டும் சரி. ஒருமையா பன்மையா என்பதை வினைமுற்றுதான் தீர்க்கும். நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. வினைமுற்று இல்லாத வாக்கியத்தில் தீர்ப்பே வராது. 'தகரக் கூரையில் ரப்பர் விதை' என்று நிறுத்தினால் அது ஒன்று விழும் சத்தமும்தான், பல வருஷத்துக் குவியலும்தான். ஜப்பானிய மொழியிலும் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கட்டாயம் இல்லை. குளத்தில் குதித்தது ஒரு தவளையா பல தவளையா என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர்கள் இன்னமும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். தமிழில் எழுதுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, வினைமுற்றைக் கழற்றும் துணிச்சல் இருந்தால் போதும். 5-7-5 எண்ணி உட்காருவதைவிட (நம் அசையும் அவர்கள் அசையும் வேறு, எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை) இந்த மாதிரி நம் இலக்கணத்துக்குள் என்ன கிடக்கிறது என்று தேடுவது பிரயோசனம்.

கியோராய் எழுதி வைத்த இன்னொரு விவாதமும் இந்தக் குழுவில் அடிக்கடி வருகிறது. ஓமி என்ற வட்டாரத்து மக்களோடு சேர்ந்து, முடிந்துபோகும் வசந்தத்துக்காக வருந்துவதாக பாஷோ ஒரு கவிதை எழுதினார். ஷோஹாக்கு என்ற கவிஞர் அதில் ஓமிக்குப் பதிலாகத் தம்பா என்று வேறு வட்டாரத்தைப் போடலாம், வசந்தத்துக்குப் பதிலாக முடியும் ஆண்டு என்று போடலாம், எதுவும் கெடாது என்று குறை சொன்னார். நீ என்ன நினைக்கிறாய் என்று பாஷோ கேட்டதும் கியோராய் மறுத்தார். ஓமியில் பெரிய ஏரி இருக்கிறது, அதன்மேல் படரும் மூட்டத்தில்தான் வசந்தம் போகும் வருத்தம் உண்டாகும், ஆண்டு முடிவில் அங்கே அந்த உணர்வுக்கு இடமில்லை என்றார். ஷோஹாக்கு அந்தக் கவிதையைப் பற்றிச் சொன்னது தப்பு. ஆனால் அவர் கேட்ட கேள்வி தங்கம். ஒரு சொல்லை எடுத்து வேறு சொல்லை வைத்தாலும் கவிதை நிற்கிறது என்றால் அந்தச் சொல் அங்கே இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஜப்பானிய விமர்சனத்தில் இதைச் சொல் 'நகர்கிறது' என்பார்கள். கிள்ளானில் "பல்லு ஆடுது" என்கிறார்கள்.

அக்காவின் ஒரு கவிதையில் எல்லாப் பல்லும் ஆடியது:

மழை நின்ற மாலை
அம்மாவின் சேலை
கொடியில் தனியாக

மழை நின்ற மாலையை வெயில் சாய்ந்த மாலையாக்கலாம். அம்மாவின் சேலை அப்பாவின் சட்டையாகலாம். 'தனியாக' என்பது மேடையிலிருந்து இறங்கி வந்த சொல். அதோடு நம் ஊரில் மழை வருகிறது என்றால் யாராவது ஓடிப்போய்த் துணி எடுத்துவிடுவார்கள், அந்தச் சேலை அங்கே இருக்கவே முடியாது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் அந்தக் கவிதை வரவே இல்லை. அப்புறம் வந்தது:

மூன்றாம் நாள் புகைமூட்டம்
கொடியிலேயே இருக்கிறது
அம்மாவின் சேலை

மழை தட்டி எழுப்பிவிடும். புகைமூட்டம் அப்படி இல்லை, மெதுவாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் கவனிக்கமாட்டோம். மூன்றாம் நாளும் துணி கொடியிலேயே கிடக்கிறது என்றால் அதை எடுக்கிறவர் வீட்டில் இல்லை. மருத்துவமனையிலா, எங்கே என்று கவிதை சொல்லவில்லை, அக்காவிடம் யாரும் கேட்கவும் இல்லை. இந்தப் புகைமூட்டத்தை வேறெதோடும் மாற்ற முடியாது. சுமத்ராவில் காடு எரிந்து இங்கே மூச்சு அடைத்த வருஷங்களை, 1997ஐ, பள்ளிகளை மூடிய 2015ஐ, அனுபவித்த ஒரு நிலத்தின் சொல் அது. சென்னையில் எழுதுகிறவர் இந்த வரியை எழுதமாட்டார்.

பருவச்சொல் விவகாரம் இங்கேதான் வருகிறது. நான்கு பருவம் இல்லாத நாட்டில் ஹைக்கூ எப்படி என்று நம் ஆட்கள் ஒன்று கையை விரிப்பார்கள், இல்லையென்றால் செர்ரிப் பூவைக் கொண்டுவந்து ஷா ஆலாமில் நடுவார்கள். ஷிகியின் சீடர் தக்கஹாமா கியோஷி 1936இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது சிங்கப்பூர் வழியாகத்தான் போனார். கப்பலிலேயே குக்காய் நடத்தியவர் அவர், நாவலாசிரியர் யோக்கோமிட்சு கூட அதில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பயணத்தின் பலனாக வெப்பமண்டலத்துக்கென்று சில பருவச்சொற்களைச் சேர்த்தார். சேர்த்து, கோடைக்குள் போட்டார்! வருஷம் முழுக்க வெயில், ஆகவே கோடை. கப்பல் மேல்தளத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ரப்பர் மரம் ஜனவரிக்கு மேல் இலை கொட்டி மொட்டையாக நிற்பதும், பால் குறைந்து சம்பளம் சுருங்குவதும், ஜூன், ஜூலையில் சாலையோரம் டுரியான் வாடை அடிப்பதும், நவம்பர் வந்தால் கிழக்குக்கரைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றுவதும் தரையில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். குறுந்தொகையே ஹைக்கூதான் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் கருப்பொருள் என்ற ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. குறிஞ்சிப் பாட்டில் நெய்தல் பூ வந்தால் பழைய ஆட்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அதுவும் பல் ஆடுகிறதா என்று பார்க்கிற காரியம்தான். அக்கா இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதவாரியாக இந்த ஊர்ச் சொற்களைக் குறித்து வருகிறார்.

இந்த முறையில் எனக்கு மனக்குறையும் இருக்கிறது. ஓட்டு எப்போதும் உடனே புரிகிறதன் பக்கம் சாயும். ஆறேழு பேர் எடுத்த கவிதை நல்ல கவிதையாக இருக்கலாம், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த கவிதையாகவும் இருக்கலாம். குழு கொஞ்ச நாளில் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிடும் ஆபத்தும் உண்டு. கிள்ளானில் இப்போதே பெயர்ச்சொல்லில் முடியும் கவிதைகள் அளவுக்கு மீறி வருகின்றன. அப்புறம், பெயரை மறைத்தால் காயம் படாது என்பது பொய். கணவன் எட்டாவது மாதத்தோடு நின்றுவிட்டார், திரும்பி வரவில்லை. மனைவி மட்டும் வருகிறார். போன்ச்சோவும் பின்னாளில் பாஷோவை விட்டு விலகிப் போனவர்தான். தேர்ந்தெடுப்பதும் ஒரு படைப்புதான் என்பது கியோஷியின் கட்சி. அதன் மறுபக்கம், மோசமாகத் தேர்ந்தெடுக்கும் குழு மோசமான கவிஞரைப் போலவே கெடுதல் செய்யும்.

அண்ணனின் இந்தக் கவிதைக்கு அக்டோபரில் ஒரே ஓட்டு, அதுவும் என்னுடையது:

லோரிக்குள் விடிகிறது
கண்ணாடியைத் துடைக்கிறேன்
உள்பக்கமும்

"இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார் அக்கா, கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. ஒரு வருஷத்தில் அந்த டின்னிலிருந்து வந்ததில் இதுதான் சிறந்தது என்று நான் நினைக்கிறேன். திருப்பம் இல்லை, வருத்தம் இல்லை, தோட்டம் இல்லை. இருப்பதெல்லாம் ஓர் 'உம்'. அந்த எச்சவும்மை இல்லாமல் 'உள்பக்கம்' என்று மட்டும் நின்றால் அது தகவல். 'உள்பக்கமும்' என்றதும், வெளிப்பக்கத்தை முதலில் துடைத்து, அப்புறமும் சாலை தெரியாமல், மங்கலாக இருப்பது தன் பக்கம் என்று கண்டுகொண்ட ஒரு நொடி உள்ளே வந்துவிடுகிறது. அது அவர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு, கண்ணாடியில் படிந்திருக்கிறது. ஒரு மனுஷன் தனியாக லோரிக்குள் தூங்கி எழுந்திருக்கிறான் என்பதை மூச்சு என்ற சொல்லோ தூக்கம் என்ற சொல்லோ இல்லாமல் சொல்லியாகிவிட்டது. 'துடைக்கிறேன்' என்ற தன்மை வினையை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். கூடாது. வினைமுற்றைக் கழற்றுவது அவன் கவிதைக்குச் சரி. இங்கே கை அசைய வேண்டும்.

இவ்வளவையும் அன்றைக்குச் சொன்னேன். தலையாட்டினார்கள். அக்கா மட்டும் தாளை இன்னொரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். நவம்பரில் அண்ணன் அதே கவிதையை ஓர் எழுத்துகூட மாற்றாமல் மறுபடி டின்னில் போட்டிருந்தார். முறைப்படி இது தப்பு, யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்த கவிதையை எப்படி எடுப்பது என்று தம்பி சண்டைக்குப் போனான். "திருத்திட்டு வரச் சொன்னீங்க, திருத்திப் பார்த்தேன், திரும்ப இங்கேயே வந்து நிக்குது, நான் என்ன செய்ய?" என்றார் அண்ணன். சரி, போகட்டும் என்று விட்டார்கள். இந்தத் தடவை இரண்டு ஓட்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று அக்காவுடையது.